இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?

ஹாமில்டன், நியூசிலாந்து
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஜெரூஷாவின் ஸ்தோத்திரங்கள். நானும் பென்னியும் தேவ கிருபையால் நலம். நீயும் ஜோஸ்வினும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு இந்த மாதம் சுகர் பார்த்தீர்களா?

வீடியோ காலில் பேசினால் அப்பா போனை வாங்கி, "வேலை கிடைச்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டு நாள் முழுக்கக் கவலைப்படுகிறார். அதனால் வேலை விஷயம் இனி மெயிலில்தான். உன்னோடு இருக்கட்டும்.

போன வாரம் இரண்டாவதாக ஒரு மழலையர் பள்ளியில் நேர்காணல். குழந்தைகளோடு அரை மணி நேரம் உட்காரவிட்டார்கள். ஒரு பொடிசு என் வளையலை உருட்டிக்கொண்டே மடியில் தூங்கிவிட்டது. மேனேஜர் அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. இனி ஒன்றுதான் பாக்கி. இங்கே குழந்தைகளோடு வேலைக்கு வருகிறவர்களை, கடைசியாக வேலை பார்த்த இடத்தில் விசாரிக்காமல் எடுக்கமாட்டார்கள். பாஸ்டர் கொடுத்த கடிதத்தை, "இவர் உங்கள் வேலையைப் பார்த்தவர் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் இப்போது வேலை பார்க்கும் மோட்டல்காரரைக் கேட்டால், நான் படுக்கை விரிக்கும் அழகைத்தான் சொல்ல முடியும் என்கிறார்.

ஆகவே முதல் இடத்துக்குக் கொடுத்ததுபோலவே நம் தாளாளர் ராஜகோபாலன் சார் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். ஸ்கூல் மெயிலுக்கு ஒரு படிவம் வரும். ஆபீஸில் நீதானே இருக்கிறாய். வந்ததும் சாரிடம் காட்டி உடனே அனுப்ப வை. முதல் இடத்தில் எல்லாம் சரியாக வந்து கடைசியில் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று இன்னும் புரியவில்லை.

ஜோஸ்வின் பத்தாவது. அவளைப் போட்டு நெருக்காதே.

உன் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.
ஜெரூஷா


சேலையூர்
19 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள தங்கை ஜெரூஷாவுக்கு,

அக்கா ஜெயசீலி எழுதுவது. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. இங்கே அப்பா நலம். சுகர் கொஞ்சம் கூட, ஆனாலும் யாருக்கும் தெரியாமல் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்கிறார். கேம்ப் ரோட்டில் மறுபடி பள்ளம் தோண்டிவிட்டார்கள். இரண்டு மழை பெய்ததும் ஸ்கூலுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜோஸ்வினுக்குக் கணக்கில் எண்பத்தொன்று. அவள் அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நீ சொன்ன விஷயம் சாரிடம் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு யோசனை. மேடவாக்கத்தில் முதலில் ஒரு ஸ்கூலில் வேலை பார்த்தாயே, அவர்கள் பெயரைக் கொடுத்தால் என்ன? அந்த ஹெட்மிஸ்ட்ரஸுக்கு உன்மேல் பிரியம்.

அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளை பென்னியை விசாரித்ததாகச் சொல்.

அன்பு அக்கா
ஜெயசீலி


ஹாமில்டன்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான்.

இரண்டாவது இடமும் போயிற்று. "வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், உங்கள் முயற்சிக்கு வாழ்த்துகள்." இரண்டே வரி. மடியில் குழந்தை தூங்கியதைப் பார்த்துச் சிரித்த அதே அம்மா எழுதியது. காரணம் கேட்டு போன் செய்தேன். எடுத்த பெண், "இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில், குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் சேலையூரிலும் இப்படித்தான் ஒழுகும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான்கு வருஷம் எல்.கே.ஜி. எடுத்தவள் அக்கா நான். ஒரே அறையில் முப்பத்தாறு பிள்ளைகள். இவர்கள் நான்கு பிள்ளைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு எனக்கு அனுபவம் இல்லை என்கிறார்கள்.

மேடவாக்கம் சரிப்படாது. கடைசியாகப் பார்த்த இடம்தான் வேண்டுமாம். மூன்றாவது ஓர் இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். மேனேஜர் பெயர் ஹெலன்.

சார் படிவத்தை அனுப்பினாரா? நீ அதை எழுதவே இல்லையே.

ஜெரூஷா


சேலையூர்
6 அக்டோபர் 2024

பாசமுள்ள ஜெரூஷாவுக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். காலாண்டுத் தேர்வு, அதன்பின் மார்க் ஏற்றும் வேலை, நடுவில் அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. இன்று சபையில் உனக்காக விசேஷமாக ஜெபித்தோம்.

ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறக்கும். குழந்தைகள் வேலையே வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? கடையில், ஆபீஸில் என்று எதையாவது பாரேன். அங்கெல்லாம் இவ்வளவு விசாரணை இருக்காதாமே.

சார் ரொம்ப பிஸி. புதுக் கட்டட வேலை நடக்கிறது. பென்னி சாப்பாட்டைக் கவனித்துக்கொள்.

அக்கா
ஜெயசீலி


ஹாமில்டன்
20 அக்டோபர் 2024

அக்கா,

ஸ்தோத்திரம். நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. உட்கார்ந்து படி.

ஹெலன் நேற்று முன்தினம் என்னை வரச்சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, "இதைச் சொல்லாமலே உங்களை நிராகரித்திருக்கலாம். ஆனால் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் விடுவது நியாயமில்லை" என்று சொல்லி, நம் ஸ்கூல் அனுப்பிய படிவத்தைப் படித்துக் காட்டினார். ஏழாவது கேள்வி: இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? பதில்: மாட்டோம். காரணம்: "இவர் பொறுப்பில் இருந்தபோது நான்கு வயதுக் குழந்தை பள்ளி வேனுக்குள் அடைபட்டது."

என் பொறுப்பில்!

அக்கா, உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும். போன வருஷம் ஜூன் மாதம். அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன், சோயா இல்லை. பக்கத்தில் உட்காரும் பொண்ணு, "சோயா என்கூட வேன்ல வந்தாளே மிஸ்" என்கிறாள். ஓடினேன். வேன் வெயிலில் நிற்கிறது. டிரைவர் சாவியோடு டீ குடிக்கப் போய்விட்டான். செங்கல்லை எடுத்துப் பின்கண்ணாடியை உடைத்து உள்ளே போனேன். பிள்ளை சீட்டுக்குக் கீழே கிடந்தாள். அழக்கூட முடியவில்லை, உதடு வெளுத்துவிட்டது. தண்ணீர் தெளித்துத் தூக்கிக்கொண்டு வந்தால், ராஜகோபாலன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கண்ணாடியை யாரும்மா உடைக்கச் சொன்னது?"

"பேரண்ட்ஸ்கிட்ட ஃபீவர்னு சொல்லிடுங்க" என்றார். நான் சொல்லவில்லை. சாயங்காலம் கேட்டில் சோயாவின் அம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அது ஒன்றுதான் நான் செய்த குற்றம். விசா வந்து நான் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே நல்ல சர்டிபிகேட் கொடுத்தாரே அந்த மனுஷன். இப்போது கடல் தாண்டி வந்தும் என் குரல்வளையைப் பிடிக்கிறார்.

மூன்று இடத்திலும் இதைத்தான் படித்திருக்கிறார்கள். மூன்று இடத்தில் நான் ஒரு குழந்தையைச் சாகவிடப் பார்த்தவள்.

ஆபீஸ் மெயிலிலிருந்துதான் போயிருக்கிறது. நீ அங்கேதான் இருக்கிறாய். யார் அனுப்பியது, எப்போது அனுப்பியது என்று கண்டுபிடித்து உடனே எழுது. ஹெலன் நவம்பர் கடைசி வரை இடத்தை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெரூஷா


ஹாமில்டன்
9 நவம்பர் 2024

அக்கா,

இருபது நாள் ஆயிற்று. பதில் இல்லை. போன ஞாயிறு வீடியோ காலில் என் முகம் வந்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாய். அப்பா சொன்னார், பால் இன்னும் வாங்கவே இல்லையாம்.

ஹெலன் அந்தப் படிவத்தின் நகலை எனக்குக் கொடுத்தார். இத்தனை நாளாக ராஜகோபாலன் எழுதியதை மட்டும்தான் படித்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தேன். முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடம் விட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும். அப்படி டைப் அடிக்கிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

நீயா?

ஜெரூஷா


சேலையூர்
10 நவம்பர் 2024

ஜெரூஷாவுக்கு,

ஆமாம். நான்தான்.

முதல் படிவம் வந்த அன்று சந்தோஷமாகத்தான் சாரிடம் எடுத்துப்போனேன். "உக்காரும்மா, நான் சொல்லச் சொல்ல அடி" என்றார். ஏழாவது கேள்வியில் என் கை நின்றுவிட்டது. "சார், அவ என் தங்கச்சி சார்" என்றேன். "தெரியும். அதனாலதான் உன்ன அடிக்கச் சொல்றேன். நாளைக்கு அந்தப் புள்ளையோட அப்பா கரீம் கேஸு கீஸுன்னு வந்தா, கூடப்பிறந்தவளே எழுதினதுன்னு கையில ஒண்ணு இருக்கணும்ல" என்றார். பிறகு, "உன் பொண்ணு பத்தாவதுல்ல? நம்ம ஸ்கூல்ல ஃப்ரீயாத்தானே படிக்குது? பாத்து நடந்துக்கோ" என்றார். அடித்தேன்.

இரண்டாவதும் அப்படித்தான். அதனால்தான் மேடவாக்கம் பெயரைக் கொடு என்று எழுதினேன்.

மூன்றாவதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியும். ஆனால் சொல்கிறேன். அன்று சார் ஊரில் இல்லை. "போன தடவை அனுப்புனதையே அனுப்பிடு" என்று போனில் சொன்னார். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். படிவம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அனுப்பாமல் விட்டிருக்கலாம். அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் இந்த மாதக் கடைசியில் ஆன்லைனில் ஏறும். ஜோஸ்வின் பெயர் ஏறிவிட்டால் அவளைப் பரீட்சை எழுதவிடாமல் செய்ய அவரால் முடியாது. அதுவரை எனக்கு நேரம் கொடு. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ஜெயசீலி


ஹாமில்டன்
12 நவம்பர் 2024

ஜெயசீலி,

நேரம் கேட்கிறாய்.

ஆகஸ்டிலிருந்து நான் மோட்டலில் எவனெவனோ படுத்த படுக்கையை உதறிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் உச்சரிப்பு சரியில்லையோ, என் உடுப்பு சரியில்லையோ, நான் கறுப்பாக இருப்பதுதான் காரணமோ என்று பென்னியிடம் கேட்டு அழுதேன். இந்த ஊரையே வெறுத்தேன். நீ அங்கே சபையில் எனக்காக விசேஷ ஜெபம் செய்தாய்.

"கடையில், ஆபீஸில் பாரேன், அங்கெல்லாம் விசாரிக்கமாட்டார்கள்" என்று எழுதினாயே. அதை எழுதும்போது உனக்கு எப்படி இருந்தது?

ஜோஸ்வின் பெயரைச் சொல்லாதே. அவளுக்காக என்று நீ வந்து கேட்டிருந்தால் நானே வேலை வேண்டாம் என்று விட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

நேரம் கொடுக்கமாட்டேன். ஆனால் நீ எடுத்துக்கொள்வாய் என்று தெரியும்.

ஜெரூஷா


சேலையூர்
30 நவம்பர் 2024

ஜெரூஷாவுக்கு,

நேற்று முன்தினம் பட்டியல் ஏறியது. நான்தான் ஏற்றினேன். ஆமாம், அதுவரை காத்திருந்தேன். நீ சொன்னதுபோல நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

பிறகு வேன் டியூட்டி நோட்டில் அந்த ஜூன் மாதப் பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். அன்று வேனில் போகவேண்டிய ஆயாவை, விருந்தாளிகள் வருகிறார்கள், டிபன் பரிமாற ஆள் வேண்டும் என்று சார் இறக்கிவிட்டார். வேனில் பிள்ளைகளை இறக்க ஆளே இல்லை. "ஆயா இல்லை, தாளாளர் உத்தரவு" என்று அந்த நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. உன் பெயர் அதில் எங்குமே இல்லை.

நேற்றுக் காலை சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "நான் அனுப்பின மூணு படிவமும் பொய்னு அந்த மூணு இடத்துக்கும் எழுதப்போறேன் சார்" என்றேன். சிரித்தார். "வேலைய விட்டுட்டு என்ன பண்ணுவ? உன் வயசுல எவன் எடுப்பான்? அடுத்த ஸ்கூல்காரன் என்கிட்டதானே விசாரிப்பான்?" என்றார். "விசாரிக்கட்டும் சார். ஏழாவது கேள்விக்கு என்ன சொல்லணும்னுதான் உங்களுக்குத் தெரியுமே" என்றேன். இவ்வளவு நாள் அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காதவள் நான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானமே ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஜோஸ்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவைத்தாள். பிறகு, "நான் ஸ்கூலுக்குப் போவேன்மா. பரீட்சை அவரோடது இல்ல, என்னோடது. ஆனா சித்திக்கு நீ பண்ணது அசிங்கம்" என்றாள்.

வீட்டிலிருந்து நேரே மாடம்பாக்கம் போனேன். சோயாவின் அம்மா ஷரீஃபா கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கொதித்துவிட்டார். "இன்னா மேடம் அநியாயம் இது! என் புள்ள உயிரக் காப்பாத்துனவங்க மேலயே பழியா? ரெஃபரன்ஸுன்னா இன்னா, சாட்சிதானே? நான் சொல்றேன். எந்த ஊர்க்காரங்களா இருந்தா இன்னா, போன் போடச் சொல்லுங்க" என்றார்.

நான் ஹெலனுக்கு என் சொந்த மெயிலிலிருந்து எழுதி, போட்டோவையும் அனுப்பிவிட்டேன். மற்ற இரண்டு இடத்துக்கும் எழுதிவிட்டேன்.

ஜெயசீலி


ஹாமில்டன்
2 டிசம்பர் 2024

ஜெயசீலிக்கு,

மெயில் கிடைத்ததாக ஹெலன் சொன்னார். வியாழக்கிழமை உங்கள் நேரம் காலை எட்டரைக்கு ஷரீஃபா அக்காவுக்குப் போன் செய்வார். மொழிபெயர்க்க நீ பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே.

முழுநேர இடம் வெள்ளிக்கிழமையே வேறொருவருக்குப் போய்விட்டது. தெரிந்துகொள்.

ஜெரூஷா


சேலையூர்
5 டிசம்பர் 2024

ஜெரூஷாவுக்கு,

எட்டு மணிக்கே மாடம்பாக்கம் போய்விட்டேன். ஷரீஃபா சோயாவைத் தலை சீவி, நல்ல கவுன் போட்டு உட்கார வைத்திருந்தார். "போன்ல தெரியாதேம்மா" என்றேன். "தெரியாட்டி இன்னா. அவளும் இருக்கட்டும்" என்றார்.

நடந்ததை எல்லாம் அவர் சொன்னார். நான் இங்கிலீஷில் சொன்னேன். கேட்டில் நீ நின்று சொன்ன வார்த்தைகளைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார். "உங்க புள்ளைக்கு ஃபீவர் இல்லக்கா, எங்க தப்பு" என்றாயாம். "எங்க" என்றாயாம், ஜெரூஷா. உன் தப்பே இல்லாததற்கு.

கடைசியில் ஹெலன், "அப்படியானால் அந்தப் படிவத்தை நிரப்பியது யார்?" என்று கேட்டார். என் மெயிலில் பள்ளி அனுப்பியது பொய் என்று எழுதியிருந்தேனே தவிர, என் கை என்று எழுதவில்லை. நேற்று வரைக்கும் எனக்கு அவ்வளவு தைரியம்தான் இருந்தது. ஷரீஃபாவிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா கேக்குறாங்க மேடம்?" என்றார். கூட்டாதே, குறைக்காதே என்று நீ எழுதியிருந்தாய். முதலில் அவருக்குத் தமிழில் சொன்னேன். "அந்தப் பொய்ய யார் எழுதினதுன்னு கேக்குறாங்க. நான்தான்மா எழுதினேன். அவ என் கூடப்பிறந்த தங்கச்சி." பிறகு அதையே ஹெலனுக்கு இங்கிலீஷில் சொன்னேன்.

ஹெலன் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஷரீஃபா சோயாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டீ போட்டு வைத்திருந்தார், தரவில்லை. "அந்த நோட்டு போட்டோவ என் போனுக்கு அனுப்பிட்டுப் போங்க. அப்போ வூட்டுக்காரர் வேணான்னாரு, உட்டுட்டேன். இப்போ நானே ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார். அனுப்பிவிட்டு வந்தேன். வாசல் வரை யாரும் வரவில்லை.

அப்பாவுக்கும் இன்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

நான் போன் செய்யலாமா?

ஜெயசீலி


ஹாமில்டன்
16 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் இருவரும் நலம். டிசம்பரிலிருந்து நீ எழுதிய ஐந்து மெயிலும் வந்தன, படித்தேன்.

ஹெலன் என்னை எடுத்திருக்கிறார். முழுநேரம் இல்லை. யாராவது லீவு போடும் நாட்களில் கூப்பிடுவார்கள். இப்போதைக்கு வாரம் இரண்டு நாள், மற்ற நாட்களில் மோட்டல்தான். நீ அனுப்பிய படிவத்தைக் கிழித்துப்போட முடியாதாம், ஃபைலில் இருந்தே ஆகவேண்டுமாம். ஷரீஃபா அக்கா சொன்னதை எழுதி அதன்மேல் பின் அடித்து வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டு இடங்களில் ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, "தகவலுக்கு நன்றி" என்றது. அந்த இரண்டு இடத்திலும் நான் இன்னும் குழந்தையைச் சாகவிடப் பார்த்தவள்தான். கடைத்தெருவில் அந்த மேனேஜர் அம்மாவைப் பார்த்தால் நான் ஏன் ரோட்டைத் தாண்டி மறுபக்கம் போகவேண்டும் சொல்? ஆனால் போகிறேன்.

ஷரீஃபா அக்கா புகார் கொடுத்ததும், ராஜகோபாலனை ஸ்டேஷனுக்கு இரண்டு முறை கூப்பிட்டதும் அப்பா சொன்னார். இன்னும் கூப்பிடட்டும். உன்னையும் கூப்பிடுவார்கள். அங்கேயும் இதையே சொல்.

தையல் கடையில் கணக்கு எழுதப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. உனக்காக நான் வருத்தப்படுகிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சில நாள் படுகிறேன். சில நாள் அந்த மூன்றாவது படிவம் ஞாபகம் வருகிறது, அறையில் நீ மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கெல்லாம் பென்னியிடம்கூடப் பேச முடிவதில்லை.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடு, அக்கா பாவம் என்று பென்னி தினமும் சொல்கிறார். அப்பாவும் அதையே சொல்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினால், அது நீ அனுப்பிய படிவம் மாதிரிதான் இருக்கும். நானாக எழுத வரும் அன்று எழுதுகிறேன்.

போன் வேண்டாம். மெயில் எழுது.

ஜோஸ்வினின் பரீட்சைத் தேதிகளை அனுப்பு. கணக்குப் பரீட்சை அன்று காலை அவளுக்கு நான் போன் செய்வேன். போனை அவள் கையிலேயே கொடுத்துவிடு.

ஜெரூஷா